கத்தி தீட்ட எதை வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் அம்மா சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது கத்தி வழுக்கி இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. 4 தையல். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: “நல்ல வேளை, கத்தி மொக்கையா இருந்துச்சு, இல்லேன்னா விரலே போயிருக்கும்.” அதைக் கேட்டுக் கேட்டு மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன். கத்தி மொக்கையாக இருந்ததால்தான் விரலில் வெட்டுப்பட்டது. கூரான கத்தி கிழங்கின் தோலைத் தொட்டதும் உள்ளே இறங்கிவிடும், லேசாகப் பிடித்தாலே போதும். மழுங்கிய கத்தியை உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்த வேண்டியிருக்கிறது. அது சேனையின் சொரசொரத் தோலில் பிடி கிடைக்காமல் சறுக்கினால் அவ்வளவு அழுத்தமும் பக்கத்தில் இருக்கிற விரல் மேல்தான் வந்து விழும்.

இத்தனைக்கும் வீட்டில் கத்தி தீட்டும் கருவி ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் பிடியும் மேலே மூன்று பிளவும் உள்ள, கத்தியை உள்ளே விட்டு இழுக்கிற ரகம், பாத்திரக்கடை முதல் இணையக் கடை வரை எங்கும் கிடைப்பது. அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, முதல் பிளவில் கத்தியை ஐந்தாறு தடவை இழுத்துப் பார்த்தேன். துணியில் சாம்பல் நிறத்தில் சன்னமான இரும்புச் சுருள்கள், தேங்காய்த் துருவல் மாதிரி உதிர்ந்து கிடந்தன. அந்தப் பிளவுக்குள் V வடிவில் பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடு துண்டுகள் இருக்கும். கத்தியின் இரும்பைவிட அவை ரொம்பக் கடினம், அதனால் கத்தி வாயைத் தீட்டுவதற்குப் பதிலாகச் சீவி எடுத்துவிடுகின்றன. சீவியதும் கூராகத்தான் தெரியும், தக்காளிகூட நன்றாக வெட்டும். ஆனால் வாய் அரம் போல் கரடுமுரடாக இருப்பதால் சீக்கிரமே மழுங்கிவிடும், மறுபடி இழுப்போம், மறுபடி சீவும். பிடிக்குப் பக்கத்தில் உள்ள பகுதி பிளவுக்குள் சரியாகப் போகாது, நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தேய்ந்து குழிந்துவிடும். எங்கள் கத்தியைப் பலகை மேல் நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தேன், நடுவில் இடைவெளி தெரிந்தது. பலகையைத் தொடாத கத்தியில் வெங்காயத்தாள் எப்படி அறும்? ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மாலை மாதிரி வரும்.

100 ரூபாய்க் கத்திக்கு அந்தக் கருவி போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இப்போது பல வீடுகளில் நல்ல விலை கொடுத்து ஜப்பான் ரகக் கத்திகள் வாங்குகிறார்கள். அவற்றின் இரும்பு கடினமானது, வாய் மெல்லியது. கார்பைடு பிளவில் விட்டு இழுத்தால் பொடிப்பொடியாகப் பல் விழும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்படியானால் என்ன வாங்குவது? என்னைக் கேட்டால் இரண்டு பக்கக் கல். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் கல் என்று கேட்டால் தருவார்கள், நான் 180 ரூபாய்க்கு வாங்கினேன். இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் கிரிட் எண் (சொரசொரப்பைக் குறிக்கும் எண்) போட்ட, தண்ணீரில் ஊறவைத்துத் தீட்டும் தண்ணீர்க் கல் வாங்கலாம். எண் கூடக் கூடக் கல் நைஸாக இருக்கும்: பல் விழுந்த கத்திக்கு 400, வழக்கமாகத் தீட்ட 1000, மெருகுக்கு 3000 அல்லது 6000. வீட்டுச் சமையலுக்கு 1000 இருந்தாலே தாராளம்.

கல் என்றதும் கத்தியைச் சரியான கோணத்தில் சாய்த்துப் பிடிக்க வராதே என்று எல்லாரும் பயப்படுகிறார்கள், நானும் பயந்தேன். இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கத்தி அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் சுமார் 20 டிகிரி. அலகு 3 செ.மீ. என்றால் முதுகு கல்லிலிருந்து 1 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கத்தி வாயோரம் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தால் மை எங்கே அழிகிறது என்பதை வைத்துக் கோணம் சரியா என்று தெரிந்துவிடும். தண்ணீர்க் கல்லை முதலில் ஊறவைத்து, குமிழி வருவது நின்றதும் எடுத்து, அடியில் ஈரத்துணி போட்டு நகராமல் வையுங்கள். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு பிசிறு திரளும். கட்டை விரலை முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகக் குறுக்கே மெதுவாகத் தள்ளினால் தட்டுப்படும், வாயோடு நீளமாக மட்டும் தடவிவிடாதீர்கள். பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம், அப்புறம் திருப்பிப் போட்டுத் தேய்க்க வேண்டும். கடைசியில் நைஸ் பக்கத்தில் அழுத்தாமல் மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிறு போய்விடும். முதல் தடவை எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, இப்போது பத்து நிமிடம்.

கத்தி செட்டோடு வரும் நீளமான ஸ்டீல் கம்பி தீட்டுவதற்கானது என்று பலர் நினைக்கிறார்கள். மடங்கிய வாயை நிமிர்த்துவதுதான் அதன் முக்கிய வேலை, முழுக்க மழுங்கிய கத்தியை அது மீட்காது. ரொட்டி வெட்டும் பல் கத்தியைக் கல்லில் வைக்கவே கூடாது. கல் வாங்கும் வரை அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பில்லாமல் சொரசொரவென்று இருக்கும் வளையத்தில் தேய்க்கலாம், நன்றாகவே வேலை செய்யும்.

தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிவாள்மனைக்கும் கத்திரிக்கோலுக்கும் இன்றும் அவரைத்தான் நம்புகிறேன். மெல்லிய கத்தி கொடுக்கும்போது மட்டும் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். பொறி பறக்க உலர்வாகப் பிடித்தால் சூட்டில் வாய் நீலம் பாய்ந்துவிடும், அந்த இடத்தில் இரும்பு பதம் இழந்துவிட்டது என்று பொருள். பிறகு எத்தனை தடவை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது.

கடைசியாக, உங்கள் பத்திரிகை மூலம் தயாரிப்பாளர்களுக்கு ஒரு கோரிக்கை. பொட்டலப் பொருள்களில் விலை, தயாரிப்பாளர் முகவரியெல்லாம் அச்சிட வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் கருவியின் அட்டையிலும் அவையெல்லாம் இருந்தன, “3 நிலை” என்று பெரிய எழுத்தும் இருந்தது. எந்தப் பிளவில் கார்பைடு, எதில் செராமிக் (பீங்கான்), எத்தனை டிகிரி, எந்தக் கத்தியை உள்ளே விடக் கூடாது என்று ஒரு வரி இல்லை. இந்த நான்கையும் தமிழில் அட்டையிலேயே போடுங்கள். அம்மாவின் தையல் பிரித்தாயிற்று, விரல் நுனியில் மட்டும் இன்னும் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி