பள்ளிக்கூடத்தைக் கடைசியில் வைக்காதீர்கள்: நிலநடுக்கத்துக்குப் பின் நகரைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

நிலநடுக்கத்தில் சிதைந்த நகரங்களை மீண்டும் எழுப்பும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இடிபாடுகளை அள்ளி முடித்ததும் உங்கள் மேசைக்கு முதலில் வருவது வீடுகளைப் பற்றிய கோப்பாகத்தான் இருக்கும். எத்தனை இடிந்தன, எத்தனை கட்ட வேண்டும், நிலம் எங்கே கிடைக்கும்? பள்ளிக்கூடம் இன்னொரு துறை, பேருந்து வேறொரு துறை. அதெல்லாம் அப்புறம். இந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வீட்டுக்கு இடம் குறிக்கும் அன்றைக்கே, அந்த வீட்டுக் குழந்தை எங்கே படிக்கும், அதன் அம்மா வேலைக்கு எவ்வளவு தூரம் போவார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறீர்கள்.

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 செப்டம்பரில் 7.1 அளவில் ஒரு நடுக்கம். 2011 பிப்ரவரி 22-இல் வந்தது அதைவிடச் சிறியதுதான், ஆனால் நகருக்கு மிக அருகில், ஆழமில்லாமல், நண்பகல் நேரத்தில் வந்தது. 185 பேர் இறந்தார்கள். கிழக்கே ஏவன் ஆற்றை ஒட்டிய பகுதிகளில் நீர் ஊறிய மணல் குலுங்கிக் கூழாகி, சாம்பல் நிறச் சேறாகத் தெருவிலும் கொல்லையிலும் பீறிட்டது. வீட்டுக்காரர்கள் அதை மண்வாரியால் அள்ளி அள்ளி வாசலில் குவித்தார்கள். அடுத்த நடுக்கத்தில் மறுபடி வந்தது. கடைசியில் ஏறத்தாழ 8,000 வீடுகள் இருந்த நிலத்தைச் சிவப்பு மண்டலம் என்று அறிவித்து, பெரும்பாலான வீடுகளை அரசே விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்த முடிவில் எனக்குக் குறை இல்லை.

சரி, போனவர்கள் எங்கே போனார்கள்? 2011 மார்ச்சில் நடக்கவிருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நாடு முழுவதுமே ரத்து செய்துவிட்டார்கள். 2013-இல்தான் எண்ண முடிந்தது. 2006-ஐ ஒப்பிட்டால் நகரின் மக்கள்தொகை சுமார் 2 சதவீதம்தான் குறைந்திருந்தது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று தோன்றும். ஆனால் பக்கத்திலுள்ள செல்வின் மாவட்டம் அதே காலத்தில் மூன்றில் ஒரு பங்கு வளர்ந்திருந்தது. வடக்கே வைமகரிரியும் ஆறில் ஒரு பங்கு கூடியிருந்தது. ஏற்கெனவே தொடங்கியிருந்த நகர்வுதான், நடுக்கம் அதை வேகப்படுத்திவிட்டது. மக்கள் ஊரை விட்டு ஓடிவிடவில்லை, எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போயிருந்தார்கள். நகரத்தின் மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது.

வேலையும் நகர்ந்தது. நகர மையத்தின் ஒரு பகுதி 2013 ஜூன் இறுதிவரை வேலிக்குள் அடைபட்டிருந்தது. அலுவலகங்கள் மேற்குப் புறநகர்களுக்கும் விமான நிலையத்தின் பக்கமும் போய்விட்டன. பேருந்துகளோ அதுவரை பெரும்பாலும் மையத்தை நோக்கி ஓடியவை. வீடு ஒரு திசை, வேலை இன்னொரு திசை என்றானபின் கார் இல்லாமல் எப்படி?

பள்ளிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சேதமான உயர்நிலைப் பள்ளிகள் வேறு பள்ளிகளின் கட்டடங்களைப் பகிர்ந்துகொண்டன. காலையில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள், மதியத்துக்கு மேல் இவர்கள். ஊரின் மறுகோடியிலிருந்து வரும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். காலை முழுக்க வீட்டில் தனியாக இருக்கிறாள். மதியம் நெடுநேரம் பயணம் செய்து வந்து, இன்னொருத்தி அப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் உட்காருகிறாள். குளிர்காலத்தில் பள்ளி விடும்போது வெளியே இருட்டிவிடுகிறது. அப்படியும் அந்தப் பள்ளிகள் கலையாமல் நின்றன என்பது ஆசிரியர்களின் பெருமை.

2012 செப்டம்பரில் பல பள்ளிகளை மூடவும் இணைக்கவும் அரசு திட்டம் அறிவித்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்திருந்தது உண்மை. ஆனால் சனங்கள் இன்னும் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. பிலிப்ஸ்டவுன் பள்ளி வழக்குப் போட்டது. இணைப்புக்காக நடந்த கலந்தாலோசனை சட்டப்படி சரியில்லை என்று 2013-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் பின்னர் அந்தப் பள்ளி வேறொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டது. வீடும் போய், தெருவும் போன குடும்பத்துக்கு, பழைய முகங்களைப் பார்க்கப் பள்ளிக்கூட வாசல் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதை எடுக்க இவ்வளவு அவசரம் கூடாது.

இத்தாலியின் லாக்குவிலாவில், 2009 நடுக்கத்துக்குப் பிறகு, அதிர்வைத் தாங்கும் 185 கட்டடங்களைச் சில மாதங்களிலேயே எழுப்பினார்கள். பொறியியலாகப் பார்த்தால் பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அவை 19 இடங்களில் சிதறிக் கிடந்தன. கடைக்கும் பள்ளிக்கும் வண்டி ஏற வேண்டியதாயிற்று. ஜப்பானின் கோபேயில், 1995 நடுக்கத்துக்குப் பிறகு, முதியவர்களுக்கு முன்னுரிமை தந்து, குலுக்கல் முறையில், நகருக்கு வெளியே தற்காலிக வீடுகள் கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அக்கம்பக்கம் கலைந்துபோனது. தனியாக இறந்து, நாள் கழித்தே கண்டெடுக்கப்பட்டவர்கள் உண்டு.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. வீடு, பள்ளி, போக்குவரத்து மூன்றையும் ஒரே அறையில், ஒரே வரைபடத்தின் முன் உட்கார வையுங்கள். அண்டை மாவட்டத்தையும் கூப்பிடுங்கள். முதல் சில ஆண்டுகளின் வருகைப் பதிவேட்டை வைத்து எந்தப் பள்ளியையும் நிரந்தரமாக மூடாதீர்கள். இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஒரு தெருவை ஒன்றாகவே மாற்றுங்கள்.

இன்னொன்று. புதுக் குடியிருப்புக்குக் கையெழுத்திடும் முன், ஒரு வேலைநாள் காலையில் அந்த இடத்திலிருந்து பள்ளிக்கு, கார் இல்லாமல், நீங்களே ஒருமுறை போய்ப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து, அந்தத் தாளைக் கோப்பின் மேலே வையுங்கள்.

இப்படிக்கு,
மக்கள் இடம்பெயர்வதைக் கவலையோடு கவனித்துவரும் ஒருவர்