இதமான வெயிலும் நாயின் உடம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர் விலகி இளவேனில் தொடங்கியதும் வார இறுதிகளில் குடும்பத்தோடு ஆற்றங்கரை, மலைப்பாதை, பூங்கா என்று கிளம்புகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு போவது நல்ல பழக்கம்தான். வாரம் முழுக்க வாசலையே பார்த்துக் கிடக்கும் பிராணிக்குப் புது மண்ணும் புது வாசனையும் வேண்டும். ஆனால் நாய்கள் வெயில் தாக்கிச் சுருண்டு விழுவது கோடையின் உச்சத்தில் மட்டும் நடப்பதன்று. "இதமான வெயில்தானே" என்று நாம் நம்பிக் கிளம்பும் இந்த நாள்களிலும் நடக்கிறது. பெரும்பாலும் தடுக்கக்கூடிய இந்தச் சாவுகளைப் பற்றித்தான் இக்கடிதம்.

மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில் சிறிது வியர்ப்பதோடு சரி. மற்றபடி சூட்டை வெளியேற்ற அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிளைத்தாக வேண்டும். அதன் இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இடையில் இருப்பது இரண்டு டிகிரிகூட இல்லை. குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் சுருண்டு கிடந்த உடம்பு வெயிலுக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே பருவத்தின் முதல் நடை 20 நிமிடம் போதும். வாரத்துக்குப் பத்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். பக், புல்டாக், ஷிட்ஸூ போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதை குறுகலானது. இளைத்துச் சூட்டைத் தணிப்பதே அவற்றுக்குச் சிரமம். கிழட்டு நாய், பருத்த நாய், இதய நோயுள்ள நாய் ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இவற்றை விடியலிலோ பொழுது சாய்ந்த பிறகோ மட்டும் நடத்துங்கள்.

நிறுத்திய காருக்குள் நாயை விட்டுப் போவதுதான் பெரிய தவறு. வெளியே 22 டிகிரிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. நிழலும் நம்பத்தக்கதன்று, அது நகர்ந்துகொண்டே இருக்கும். "அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்" என்பவர் வரிசையில் நின்று இருபது நிமிடம் கழித்து வருவார். நாயை உள்ளே அனுமதிக்காத இடமென்றால் ஒருவர் வெளியே அதனுடன் நிற்கட்டும், இல்லையேல் அன்றைக்கு அதை வீட்டிலேயே விட்டுப் போகலாம்.

அடுத்தது தரை. காற்று இதமாக இருக்கும்போதே தார்ச்சாலை பாதத்தைச் சுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். நம்மால் தாங்க முடியவில்லையென்றால் நாயாலும் முடியாது. பாதம் வெந்த நாய் உடனே கத்தாது. நடை தயங்கும், வீடு வந்த பிறகு பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. உடல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்பது ஒரு சாதாரண நாளின் தேவை. அதாவது 10 கிலோ நாய்க்கு அரை லிட்டருக்குச் சற்று மேல். ஓடியாடும் நாளில் இதைப்போல் இரண்டு மடங்காவது கையில் இருக்கட்டும். ஒரேயடியாகக் குடிக்க விட்டால் வாந்தி எடுக்கும். கால் மணிக்கொரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தேங்கிய குட்டைத் தண்ணீர் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும், பலரும் மறப்பது இதைத்தான். காலை உணவைக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட்டால் கார்ப் பயணத்தில் குமட்டலும் குறையும்.

இத்தனைக்கும் மேல் வெயில் தாக்கினால்? இளைப்பு நிற்காது. எச்சில் கெட்டியாகி நூல்போல் தொங்கும். ஈறு செக்கச்செவேலென்று ஆகி, பிறகு வெளுக்கும். நடை தள்ளாடும். இந்த நிலையில் நாயை அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவது தவறு. முதலில் குளிர்வித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய் கையில் கிடைக்கும் தண்ணீரை உடம்பு முழுக்க, குறிப்பாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும், ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். குளிர்ந்த நீர் ஊற்றினால் அதிர்ச்சியாகிவிடும் என்ற பழைய அச்சத்தில் காத்திருக்க வேண்டாம், நேரம்தான் இங்கே உயிர். இளம் வயது, ஆரோக்கியமான நாயென்றால் தலை மட்டும் வெளியே இருக்க நீரில் இறக்கலாம். ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள். சற்று நேரத்தில் அது சூடேறி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர் பையில் இருந்தால், 39.5 டிகிரிக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். மேலும் தொடர்ந்தால் உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். பிறகு கார் ஜன்னல்களைத் திறந்து அல்லது ஏசி போட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள். எழுந்து வாலாட்டினாலும் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகம், கல்லீரல், ரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றின் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

வெயிலுக்கு அடுத்து உண்ணி. புல் வளரும் பருவத்தில் உண்ணியும் பெருகும். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா நோயில் காய்ச்சல், சோர்வு, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தக் கசிவு என்று வரும். அறிகுறி ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் தெரிவதால், அந்த உல்லாசப் பயணத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. உண்ணியைத் தடுக்கப் பிடரியில் விடும் சொட்டு மருந்து "வேலை செய்யவில்லை" என்று சலித்துக்கொள்பவர்கள் பலர். பெரும்பாலும் காரணம் குளியல். பல சொட்டு மருந்துகள் தோலின் எண்ணெய்ப் பசையில்தான் பரவும், ஷாம்பூ அதைக் கழுவி எடுத்துவிடும். மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் குளிப்பாட்டாமல், முடியை விலக்கித் தோலில் படும்படி விடுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் லேபிளில் பெர்மெத்ரின் என்று இருக்கிறதா பாருங்கள். நாய்க்கான அந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

வீடு திரும்பியதும் காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், விரலிடுக்கில், வாலடியில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கடித்திருக்கும் உண்ணியை நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சிச் சூடு எல்லாம் கூடாது. தொந்தரவுக்குள்ளான உண்ணி தன் எச்சிலைக் காயத்துக்குள் கக்கக்கூடும், நோய்க்கிருமி அதோடுதான் போகிறது. விரலால் நசுக்கவும் வேண்டாம். ஸ்பிரிட் உள்ள புட்டியில் போடுங்கள். விரலிடுக்கில் புல் விதை குத்தியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். அது நாளடைவில் உள்ளே ஏறிச் சீழ் வைக்கும்.

நாயைக் கட்டில்லாமல் ஓட விடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இளவேனிலில் தரையில் முட்டையிட்டு அடைகாக்கும் பறவைகள் உண்டு. நாய் கடித்தால்தான் என்பதில்லை, தாய்ப்பறவையை விரட்டினாலே முட்டை ஆறிப்போகும். இரண்டு மீட்டர் கயிறும், மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸும், தொலைபேசி எண் பொறித்த பட்டையும் இருந்தால் நாயும் தொலையாது, கூடும் கலையாது.

வார இறுதிப் பக்கத்தில் எங்கே போகலாம் என்று நீங்கள் எழுதும்போது, அந்த இடத்தில் நிழல் இருக்கிறதா, குடிதண்ணீர் கிடைக்குமா, நாய்க்கு அனுமதி உண்டா என்ற மூன்றையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். கிளம்பிப் போய் வாசலில் தெரிந்துகொள்பவர்கள்தான் நாயைக் காருக்குள் பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

இப்படிக்கு,
நாய் வளர்ப்பில் ஈடுபாடுள்ள வாசகர்கள்