கந்தசாமிப் பிள்ளையின் ஒன்றரை அணா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டி அறிவிப்பை உங்கள் இதழில் பார்த்தேன். கடவுள் மனுஷ உருவில் சென்னைக்கு வந்து கந்தசாமிப் பிள்ளையைச் சந்திக்கிற, புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்துக்கொண்டதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் கூடவே கொடுத்திருக்கிற தலைப்புகளைப் படித்ததும் மனசு விட்டுப்போனது. சமூகப் பார்வை, நையாண்டி, பெண் பாத்திரங்கள், மொழிநடை. பதினெட்டு வருஷமாகத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன், இந்த நான்குக்கும் என்ன கட்டுரை வரும் என்று பிரிக்காமலே சொல்லிவிடுவேன். முதல் பத்தியில் அவர் பிறந்த 1906, இறந்த 1948. நடுவில் அவர் எழுதிய மணிக்கொடி இதழ். கடைசியில் 'சிறுகதை மன்னன்'. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அவர்களும் பொத்தாம்பொதுவாகத்தானே எழுதுவார்கள்?

வகுப்பில் நான் ஒன்று செய்யச் சொல்வேன். தலைப்பில் இருக்கிற கதையின் பெயரை அடித்துவிட்டு வேறொரு கதையின் பெயரை எழுதிப் பார். அப்போதும் பொருந்துகிறதா, அந்தத் தலைப்பை விட்டுவிடு.

போன வருஷம் ஒரு மாணவி, "தலைப்பே கிடைக்கல மேடம்" என்று வந்து நின்றாள். பென்சிலோடு இன்னொரு தடவை படி, எது கண்ணில் திரும்பத் திரும்பப் படுகிறதோ அதைக் கோடு போட்டுக்கொண்டு வா என்றேன். மூன்றாம் நாள் வந்தாள். கோடு போட்டிருந்தது எல்லாம் காசு! கதை தொடங்குவதே சென்னை பிராட்வே பக்கம் நின்றுகொண்டு பிள்ளை போடுகிற கணக்கில்தான்: டிராமில் போனால் ஒன்றே காலணா, மிச்சம் காலணாவுக்கு வெற்றிலை போடலாம், பஸ்ஸில் ஏறி, கண்டக்டரை ஏய்த்து சென்ட்ரல் தாண்டி டிக்கெட் வாங்கினால் அரை கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. அப்படியானால் அவர் கையில் இருப்பது ஒன்றரை அணா. அந்த நேரத்தில் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டுக்கொண்டு வருகிற கடவுள் காப்பி ஹோட்டலில் எடுத்து நீட்டுவது நூறு ரூபாய் நோட்டு. ரூபாய்க்குப் பதினாறு அணா, நூறு ரூபாய் என்றால் ஆயிரத்து அறுநூறு அணா. கதை முடியும்போது பிள்ளை என்ன செய்கிறார்? கைலாசபுரம் பழைய பரமசிவம் பிள்ளை, ஜீவிய சந்தா வரவு ரூபாய் 25 என்று, அந்தக் கடவுள் பெயரில் ஆயுள் சந்தாக் கணக்கு எழுதுகிறார். நேரில் வந்த கடவுளிடம் மனுஷன் வாங்கிக்கொண்டது தான் நடத்துகிற வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா. அந்தப் பெண் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு 'கந்தசாமிப் பிள்ளையின் ஒன்றரை அணா'. இத்தனை வருஷம் அதே கதையை நடத்திய எனக்கு அந்தத் தொடக்கக் கணக்கும் முடிவுக் கணக்கும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று தோன்றியதே இல்லை, அவள் காட்டித்தான் பார்த்தேன்.

இப்படி இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. கடவுளை ஏற்றிக்கொண்டு போகிற ரிக்ஷாக்காரனுக்கு வண்டியில் ஆள் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. பாரத்தை முதலில் கண்டுபிடிக்கிறவன் இழுக்கிறவன்தான், அதை வைத்தே ஒரு கட்டுரை எழுதலாம். அப்புறம், கதை கலைமகள் இதழில் வந்தது 1943-ல். அதற்கு முந்தின வருஷம்தான் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னையே பாதி காலியானது. அந்த இரண்டாம் உலகப் போர் இந்தக் கதைக்குள் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று ஒருவர் தேடட்டுமே. 1953-ல் நின்றுபோன டிராம், பிற்பாடு வழக்கொழிந்த அணா, இதெல்லாம் இன்றைக்குப் படிக்கிற பிள்ளைக்கு எப்படிப் புரிகிறது என்பதும் நல்ல கேள்விதான். காலச்சுவடு பதிப்பகம் 2000-ல் கொண்டுவந்த பதிப்பில் பாட வேறுபாடுகளும், அதாவது அச்சுக்கு அச்சு மாறிய சொற்களும் வரிகளும், இருக்கின்றன, அவற்றை எடுத்து வைத்து ஒப்பிட்டாலே வேலை இருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அந்த நான்கு தலைப்புகளையும் எடுத்துவிடுங்கள். தலைப்பை எழுதுகிறவரே வைக்கட்டும். கதையில் எந்த வரியில் நின்று அந்தத் தலைப்பு பிறந்தது என்று கட்டுரைக்கு மேலேயே எழுதச் சொல்லுங்கள். தலைப்புக்கும் தனியாக மதிப்பெண் போடுங்கள். மாற்றிய அறிவிப்பு அடுத்த இதழில் வந்தால் எங்கள் வகுப்புப் பிள்ளைகளை நானே உட்கார வைத்து எழுதச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை,
திருநெல்வேலி