பொறி வைக்கலாம், பொருளை எரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் நம் தோட்டப்புறப் பிள்ளைகள் கட்டைகளால் உலகம் அமைக்கும் மைன்கிராப்ட் என்ற கணினி விளையாட்டைச் சேர்ந்து ஆடும்போது, ஒருவரையொருவர் குழியில் விழவைக்க அமைக்கும் பொறியால்தான் சண்டை மூள்கிறது. சரியாக அமைத்தால் அது நல்ல விளையாட்டு.

பொறிப்பெட்டிக்கு (திறந்தால் மின்விசை தரும் பெட்டி) முன்னுள்ள, குழியை மூடும் தரைக் கட்டையை ஒட்டும் பிஸ்டன் (கட்டையைத் தள்ளவும் இழுக்கவும் செய்யும் கருவி) தாங்கட்டும்; பிஸ்டன் தெரியாதபடி பெட்டியும் சுவரும் மேலே மறைக்க வேண்டும். பலரும் தடுமாறுவது இதில்தான்: ஒருவர் திறந்தால் பெட்டி தரும் மின்விசை 1 மட்டுமே, கம்பிபோல் விசையைக் கடத்தும் ரெட்ஸ்டோன் தூளில் அது ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். பெட்டியை ஒட்டியே, விசையைக் கூட்டும் ரிப்பீட்டர் வைத்தால் விசை 15 ஆகும். அதை ஒரு கட்டைக்குள் செலுத்தி, கட்டையின் பக்கத்தில் ரெட்ஸ்டோன் டார்ச் (கட்டைக்கு விசை வராதவரை எரிந்து பிஸ்டனுக்கு விசை தரும் விளக்கு) வையுங்கள். திறந்ததும் டார்ச் அணையும், பிஸ்டன் தரையை இழுக்கும். பெட்டி மூடியதும் தரையும் மூடிக்கொள்ளும். ஆகவே விழுந்தவர் வெளியே வரக் குழியில் பக்கவழி கட்டாயம்.

கவசமில்லாதவர் 23 கட்டை ஆழம் விழுந்தால் முழு உயிரும் போகும். அடியில் ஒரு கட்டைத் தண்ணீர் இருந்தால் காயமே இல்லை. லாவா (எரிமலைக் குழம்பு) வேண்டவே வேண்டாம்: அது பல நாள் சேர்த்த பொருள்களை எரித்துவிடும், மீட்க முடியாது. டிஎன்டி வெடியைத் தண்ணீருக்குள் வெடிக்கவிட்டால் வீடு உடையாது, ஆனால் பக்கத்தில் நிற்பவருக்குக் காயம் படும்.

பொது உலகம் நடத்தும் அண்ணன்மார், பொறி வைக்கலாம், பொருளை எரிக்கக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
மைன்கிராப்ட் ஆடும் இளையோர்,
சுங்கை சிப்புட், பேராக்