உரக்கடை நடத்துபவர்களுக்கு: மருந்தை எடுக்கும் முன் பூவைப் பற்றிக் கேளுங்கள்

உரக்கடையும் மருந்துக்கடையும் நடத்தும் அண்ணன்மார்களுக்கு, வணக்கம்.

பூசணியோ பாகலோ வெள்ளரியோ போட்டவர் உங்கள் கடைக்கு வந்து "பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழுது, ஏதாவது கொடுங்க" என்று நின்றால், பெரும்பாலும் ஒரு பூச்சிமருந்தும் ஒரு டானிக்கும் வாங்கிக்கொண்டுதான் திரும்புகிறார். விவசாயி அவசரத்துக்கு முதலில் யோசனை கேட்பது உங்களிடம்தான், அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். அப்படி விழும் பிஞ்சுகளில் நிறைய, நோயாலோ பூச்சியாலோ விழுவதில்லை. மகரந்தம் கிடைக்காமல் விழுகின்றன. அதற்குப் போய்ப் பூச்சிமருந்து அடித்தால், மகரந்தத்தைக் கொண்டுவர வேண்டிய தேனீயும் செத்துப்போகும், அடுத்த வாரம் இன்னும் அதிகமாக உதிரும், அவர் மறுபடியும் உங்களிடம் வருவார்.

பள்ளிக்கூடத்தில் செம்பருத்தியைக் கீறித்தான் பூவின் பாகங்களைப் படித்தோம். புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் எல்லாம் அந்த ஒரே பூவுக்குள் இருக்கும். பூசணிக் குடும்பம் அப்படியில்லை, ஒரே கொடியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. ஆண்பூ மெலிந்த காம்பில் நிற்கும், நடுவில் மஞ்சளாக மகரந்தத்தூள் அப்பியிருக்கும். பெண்பூவில் இதழுக்குக் கீழே குட்டிக் காய் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதுதான் சூலகம். பூ விரிவதற்கு முன்பே அது பிஞ்சு போலத் தெரிவதால் காய் பிடித்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள், எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது.

காய் இன்னும் பிடிக்கவில்லை. ஆண்பூவின் மகரந்தத்தூள் பெண்பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் ஒட்ட வேண்டும், அங்கே ஒவ்வொரு தூளும் மெல்லிய குழாய் ஒன்றை வளர்த்து, சூல்தண்டு வழியாகக் கீழே இறங்கி, சூலகத்துக்குள் ஒரு சூலை அடைந்தால்தான் அந்தச் சூல் விதையாகும். வளரும் விதைகள் சுரக்கும் ஹார்மோன்தான் காயைப் பெருக்க வைக்கிறது. மகரந்தம் அரைகுறையாக விழுந்தால் வெள்ளரி ஒரு முனை பெருத்து மறுமுனை சூம்பிப்போகும், விழவே இல்லையென்றால் சில நாளில் மஞ்சளாகி உதிரும். (பசுமைக்குடிலில் போடும் சில வெள்ளரி ரகங்கள் மகரந்தம் இல்லாமலே காய்க்கும், அவை வேறு கதை.) பூசணி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்று அதைத் தூக்கிப்போகாது. அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ, பெரிய கருவண்டு இவற்றில் ஏதாவது ஒன்று ஆண்பூவில் புரண்டுவிட்டுப் பெண்பூவுக்கு வர வேண்டும், அதுவும் ஒரு தடவை வந்தால் போதாது.

அதனால் மருந்தை எடுக்கும் முன் சில கேள்விகள் கேளுங்கள். விழுந்த பிஞ்சில் ஊசி குத்தின மாதிரித் துளை இருக்கிறதா, பிசின் வடிகிறதா, கீறினால் உள்ளே புழு நெளிகிறதா? அப்படியென்றால் பழ ஈ, அதற்கான வழியைச் சொல்லுங்கள். காயமே இல்லாமல் வாடி மஞ்சளாகியிருந்தால் மகரந்தக் குறையாக இருக்கலாம். கொடியில் இப்போதுதான் பூ எடுக்கிறதா? முதலில் ஆண்பூக்கள்தான் வரும், அவை உதிர்வது இயல்பு, பொறுக்கச் சொல்லுங்கள், அதற்கு ஒரு மருந்தும் வேண்டாம். பெண்பூ கூடட்டும் என்று எத்ரல் கொடுக்கிறீர்கள், சரி, ஆனால் கூடுதலாக வந்த பெண்பூவுக்கும் மகரந்தம் வேண்டுமே!

முக்கியமான கேள்வி, எத்தனை மணிக்கு மருந்து அடிக்கிறார் என்பது. பூசணியும் பாகலும் வெள்ளரியும் காலையில் விரிகின்றன, பூசணிப் பூ மதியத்துக்குள் மூடிக்கொள்ளும், தேனீ வருவதும் அந்தக் காலை நேரத்தில்தான். வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்று நம் ஆட்கள் டேங்க்கைத் தோளில் மாட்டுவதும் அதே நேரத்தில்தான். இந்தக் கொடிகளுக்கு வேறு வழியில்லாமல் அடித்தே ஆக வேண்டுமென்றால் மாலையில் அடிக்கச் சொல்லுங்கள். சுரையும் பீர்க்கும் புடலையும் நேர்மாறு, அவை சாயங்காலமோ இருட்டிய பிறகோ விரியும், அந்திப்பூச்சிகள் வரும், அங்கே மாலைத் தெளிப்புதான் கெடுதல்.

இமிடாக்ளோபிரிட், தயாமீத்தாக்சம் ஆகிய பூச்சிமருந்துகளை விற்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அவை செடிக்குள் ஊடுருவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேர்பவை, தெளிக்கும் நேரத்தை மாற்றினால் மட்டும் தேனீ தப்பிக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இந்த இரண்டையும் இதே வகை மருந்தான குளோத்தியானிடினையும் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை போட்டது தேனீக்களுக்காகத்தான். பூ எடுத்திருக்கும் கொடிக்கு இவற்றைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

அப்புறம், மாடியில் இரண்டு கொடி வைத்திருப்பவர்களும் இதே புகாரோடு உங்களிடம் வருகிறார்கள். பூசணி என்றால், காலை ஒன்பது மணிக்குள் புதிதாக விரிந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண்பூவின் சூல்முடியில் சுற்றிலும் நன்றாகத் தேய்த்துவிடச் சொல்லுங்கள், ஒரே ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்கு வரும். அன்றைக்கு அவர் உங்களிடம் எதுவும் வாங்காமல் போனாலும் பரவாயில்லை, காய் பிடித்தால் அடுத்த பருவத்துக்கு விதை வாங்க உங்கள் கடைக்குத்தான் வருவார்.