விவசாயிகள் சங்க ஆண்டறிக்கை: 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வயல் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நாம் கொடுத்த மனுவுக்குப் பிறகு கடைவரம்புக் கால்வாயில் ஆகாயத்தாமரை அள்ளப்பட்டது. ஷட்டர் பழுது அப்படியே கிடக்கிறது.

கூட்டங்களில் அதிக நேரம் பேசப்பட்டது விதையைப் பற்றித்தான். மரபணு மாற்றக் கடுகான டி.எம்.எச்-11-ஐ வயலில் விட அனுமதித்தது பற்றிய வழக்கில் 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். மத்திய அரசு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும், விவசாயிகளையும் கேட்க வேண்டும் என்பதில் மட்டும் ஒன்றுபட்டார்கள். கடுகு நமக்குத் தாளிக்கத்தானே என்று அன்று இருந்துவிட்டோம். 2025 மே 4 அன்று கமலா, பூசா டி.எஸ்.டி. 1 என்ற மரபணு திருத்திய இரு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டபோது பேச்சு நம் வரப்புக்கே வந்துவிட்டது.

நம்மிடையே ஒரு குழப்பம் இருந்ததால் இதைப் பதிவு செய்கிறேன். கடுகில் மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். இந்த நெல்லில் அதன் சொந்த மரபணுவையே திருத்தியிருக்கிறார்கள். இத்தகைய பயிர்களுக்கு மரபணு மாற்றப் பயிர் விதிகளிலிருந்து 2022-இல் விலக்கு தரப்பட்டது. அந்த விலக்கு சரியா என்பதில்தான் சண்டை.

ஜூன் கூட்டத்தில் இளைய உறுப்பினர் ஒருவர் ஒரு பை வழுதலங்காயை, அதாவது கத்தரிக்காயை, மேஜையில் கொட்டி, ஒன்றைக் கீறிக் காட்டினார். வெளியே பளபளப்பு, உள்ளே கறுத்த குடைவு, அதன் முனையில் இளஞ்சிவப்பாக ஒரு புழு. “வாரம் இருமுறை மருந்து அடிக்கிறேன், அண்ணாச்சி. அதைத்தான் சனங்கள் தின்கிறார்கள். புழுவைத் தாங்கும் விதையை வேண்டாம் என்றால் எனக்கு வேறு வழி சொல்லுங்கள்” என்றார். நியாயமான கேள்வி. புழுவைத் தாங்க பாக்டீரியா மரபணு சேர்த்த பி.டி. கத்தரி வங்கதேசத்தில் 2014 முதல் பயிராகிறது. இங்கே 2009 அக்டோபரில் நிபுணர் குழு ஒப்புதல் தந்ததை, 2010 பிப்ரவரி 9 அன்று அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். முன்னதாக ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டார். அவற்றில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் அந்த ஆய்வில் பங்கெடுத்திருந்தும் நம்மைக் கேட்கவில்லை. பதினைந்து ஆண்டாகியும் எனக்கு அது ஆறவில்லை.

அப்போது மூத்த அம்மா ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாம்பல் புரட்டிய வழுதலை விதையை மேஜையில் வைத்தார். “மாமியார் தந்தது. இதையும் காசு கொடுத்து வாங்கும் நாள் வருமா?” என்று கேட்டார். கூட்டம் சற்றுநேரம் பேசவில்லை. விதையைச் சேமிக்க, விதைக்க, பகிர, வணிகப் பெயரிடாமல் விற்க நமக்கு 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் ஒட்டு ரக விதையை எடுத்துவைத்தால் அடுத்த பூவில், அதாவது அடுத்த பருவத்தில், அதே குணம் வராது. அங்கே அந்த உரிமையால் பயனில்லை.

விஞ்ஞானத்தை நான் எதிர்க்கவில்லை. நாம் நடும் நெல் ரகங்களான அம்பை 16-உம் திருப்பதிசாரம் 3-உம் ஆராய்ச்சி நிலையங்களில் பிறந்தவைதான். அவற்றை அறுத்து, விதைக்கு எடுத்துவைத்து, பக்கத்து வீட்டுக்கும் மரக்காலில் அளந்து கொடுத்தோம். திருத்திய நெல்லிலும் அது முடியுமா, திருத்தும் முறையின் காப்புரிமை யார் கையில் என்று தெரிந்த பிறகே அது நம் ஏலாவுக்குள், நம் வயல்வெளிக்குள், வர வேண்டும்.

விதை மூட்டையில் தமிழில் விவரம் அச்சிட வேண்டும், நாகர்கோவிலில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறி, உரிய துறைக்கு அனுப்பப்பட்டது. வழுதலை பயிரிடும் மூவர் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களையும் பதிவேட்டில் முழுமையாக எழுதியிருக்கிறேன்.

கும்பப்பூப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவும் முன் சங்கத் திண்ணையில் விதைப் பரிமாற்றம் நடக்கும். நெல், வழுதலை விதைகளோடு, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழையின் கன்றுகளையும் கொண்டுவாருங்கள். எந்த வயலில் விளைந்தது, யார் தந்தது என்று சீட்டெழுதிக் கட்டிக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்