இன்சுலின் கடைசி மருந்து அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் நீரிழிவு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சீனியைக் குறையுங்கள், நடங்கள், எடையைக் கவனியுங்கள் என்றெல்லாம் சொல்லியிருந்தது. சரிதான். ஆனால் தொடக்கம் முதல் கடைசி வரை அதை ஒரே நோயாகவே பேசிவிட்டது. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பொத்தாம்பொதுவான பேச்சு தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயங்களில் என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

சாப்பிட்ட சோறும் ரொட்டியும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. அதை உடம்பின் செல்கள் எடுத்துக்கொள்ள உதவுவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். முதலாம் வகை நீரிழிவில், அதைச் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் இளையவர்களுக்கும் வருவது இது. மிட்டாய் தின்றதால் வருவதல்ல. பெற்றோர் மீது பழி போடவும் இதில் ஒன்றுமில்லை. பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கேட்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், விட்டுப்போன பழக்கம் திரும்பிப் படுக்கையை நனைக்கும், சாப்பிட்டும் மெலியும். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுப்பார்கள். கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். அப்புறம் வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு என்று வரும்போது ஆஸ்பத்திரிக்கு ஓட நேரம் போதாது.

இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலின்தான் உயிர். மாத்திரையோ பாகற்காய்ச் சாறோ அந்த இடத்தை நிரப்பாது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோவில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதுவரை இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் இழுத்துப் பிடிப்பதுதான் வைத்தியம். அந்தச் சிறுவன் பிறகு 13 வருடங்கள் வாழ்ந்தான். இன்று ஊசியை ஒழுங்காகப் போட்டு, படித்து, கல்யாணம் முடித்து நெடுங்காலம் வாழலாம். நேர்த்தி வைத்துவிட்டோம், நாட்டு மருந்து தொடங்கிவிட்டோம் என்று ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. காய்ச்சலோ வாந்தியோ வந்து பிள்ளை சாப்பிடாத நாளிலும் தாமாக நிறுத்தக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. இன்சுலின் சுரக்கும், ஆனால் உடம்பு அதற்குச் சரியாகக் கட்டுப்படாது. போகப்போகச் சுரப்பும் குறையும். "மலை ஏறி இறங்குறவங்களுக்கு இதெல்லாம் வராது" என்பார்கள். மெலிந்த ஆட்களுக்கும் வருகிறது. மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பிளேன்டீ என்று போனால் கணையம் என்ன செய்யும்? வெறும் வயிற்றில் 100 மில்லிலீட்டர் இரத்தத்துக்குச் சீனி 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு தடவை காட்டினால் நீரிழிவுதான்.

இரண்டாம் வகை இருந்த, கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா, கிளினிக்கில் இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்ததும் என்னிடம் வந்து அழுதார். "ஐயா, ஊசின்னா கடைசி தானே? அப்புறம் கால எடுத்துருவாங்களாமே?" காலை எடுக்க வைப்பது ஊசியல்ல, வருடக்கணக்கில் கட்டுப்படாத சீனியும் கவனிக்காத புண்ணும்தான். அட்டை கடித்த இடம்கூடத் தெரியாத அளவுக்குப் பாதம் மரத்துப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி தொடங்கினால் ஆயுளுக்கும் விடமுடியாது என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. சத்திரசிகிச்சைக்கும் பெரிய புண்ணுக்கும் கொஞ்ச காலம் போட்டுவிட்டுத் திரும்ப மாத்திரைக்குப் போகிற இரண்டாம் வகைக்காரர்கள் உண்டு. கர்ப்ப காலத்தில் வரும் நீரிழிவுக்கும் ஊசி தேவைப்படலாம். பிரசவத்தோடு பெரும்பாலும் அது போய்விடும். ஆனால் பின்னாளில் இரண்டாம் வகை வரக்கூடும் என்பதால் அந்தத் தாய்மார் சோதனையை விடக்கூடாது.

இன்னொன்று, மருந்தை வைக்கும் இடம். ஃபிரிட்ஜ் இல்லாத லயத்துக் காம்பராவில் போத்தலை அடுப்புக்கு மேல் பலகையில் வைத்திருப்பார்கள். சூட்டில் மருந்து வீணாகிவிடும். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குள் வைத்து உறைய வைத்தவர்களும் உண்டு. அதையும் எறியத்தான் வேண்டும். திறக்காத போத்தலுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ். பாவனையில் உள்ளது நம்மூர்க் குளிரில் அடுப்பும் வெயிலும் படாத மூலையில் சுமார் நான்கு வாரம் இருக்கும்.

ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, ஓடுவதும் நடக்கிறது. அப்போது இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். கை நடுங்கி வியர்த்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

நவம்பர் 14 உலக நீரிழிவு தினம், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் பான்டிங்கின் பிறந்தநாள். அன்றைக்காவது முதலாம் வகைப் பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் ஆசிரியர்களுக்கும் நாலு வரி எழுதுங்கள்: அந்தப் பிள்ளை வகுப்பு நடுவே வெளியே போகக் கேட்டாலும், நடுங்குது என்று சொல்லி டொபி எடுத்து வாயில் போட்டாலும் அதட்ட வேண்டாம் என்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருந்தக ஊழியர்,
மஸ்கெலியா.